கைக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று

நியூயார்க்கின் கப்கேக் கடைகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எதன் கேக் மிருது, எதன் கிரீம் திகட்டுகிறது, எது கொடுத்த காசுக்குத் தகும் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. மேக்னோலியா பேக்கரியையும் பேக்ட் பை மெலிசாவையும் அப்படி ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைக்க முடியவில்லை. இரண்டையும் இங்கே எடுத்துக்கொள்ள அதுவே காரணம். இரண்டும் ஒரே நகரத்தில் பிறந்தவை, இரண்டும் கப்கேக்கால் பெயர் வாங்கியவை. ஆனால் ஒன்றின் கப்கேக் உள்ளங்கையை நிறைக்கிறது. மற்றதன் கப்கேக் இரு விரல்களுக்கிடையே அடங்கிவிடுகிறது. இந்த ஓர் அளவு வேற்றுமையிலிருந்தே சுவையும், கடையின் அமைப்பும், வாங்குகிறவரின் மனநிலையும், வணிகம் பரவிய விதமும் தனித்தனியாகக் கிளை பிரிகின்றன. அந்தக் கிளைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனால், முடிவில் எதிர்பாராத ஓர் உறவும் தட்டுப்படுகிறது.

பிறப்பிலிருந்து தொடங்கலாம். 1996-ல் வெஸ்ட் வில்லேஜின் ப்ளீக்கர் தெரு மூலையில் ஜெனிஃபர் ஆப்பெலும் அலிஸா டோரியும் மேக்னோலியாவைத் திறந்தபோது, அவர்கள் மனத்தில் இருந்தவை அடுக்குக் கேக்குகளும் வீட்டுப் பாணி இனிப்புகளும்தான். கேக் வார்த்தபின் மிஞ்சிய கலவையைச் சிறு குழிகளில் ஊற்றிச் சுட்டதில் வந்தது கப்கேக் என்பது அந்தக் கடையைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. 2008-ல் மெலிசா பென்-இஷாய் விளம்பரத் துறை வேலையை இழந்து, அண்ணனின் தூண்டுதலில் வீட்டில் கப்கேக் சுடத் தொடங்கியபோது, அவர் கையில் மிச்சம் என்று எதுவும் இல்லை; மினி கப்கேக் ஒன்றுதான் அவருடைய முழு முதலீடு. ஒரு கடையில் கப்கேக் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. மற்றொரு கடையில் கப்கேக்கைத் தவிர வேறு நடுவே இருக்கவில்லை.

வேறுபட்ட இந்தப் பிறப்புகளுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டின் வேரும் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. பிரெஞ்சு பேஸ்ட்ரி மரபின் பாகு காய்ச்சும் வெப்பமானியோ, முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கும் நுணுக்கமோ இரண்டிலும் அடையாளமாக ஆகவில்லை. அமெரிக்கப் பிள்ளைகளின் பிறந்தநாள் மேசையில் தாயோ பாட்டியோ வைத்த கேக்தான் மேக்னோலியாவின் மூலப்படிவம். அதே பிள்ளைகள் தின்று வளர்ந்த குக்கி மாவும், வேர்க்கடலை வெண்ணெயும் ஜாமும் தடவிய ரொட்டியும், தீயில் வாட்டிய மார்ஷ்மெல்லோவும்தான் மெலிசாவின் சுவைப்பட்டியல். இரண்டும் விற்பது குழந்தைப் பருவத்தையே. ஒன்று அந்தப் பருவத்தின் விருந்தை விற்கிறது, மற்றது அந்தப் பருவத்தின் நொறுக்குத்தீனியை விற்கிறது.

இப்போது இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்போம். மேக்னோலியாவின் வெனிலா கப்கேக் வழக்கமான மஃபின் குழியின் அளவு. மேல்வட்டம் ஏறக்குறைய ஆறரை, ஏழு சென்டிமீட்டர். மெலிசாவுடையது ஓர் அங்குலத்தை ஒட்டியது. கண்ணுக்கு இது வெறும் சிறிது, பெரிது என்ற வேற்றுமை. கணக்குக்கு அப்படியல்ல. ஒரு கேக்கின் நீள, அகல, உயரங்கள் எல்லாமே இரண்டரை மடங்கு சுருங்கினால், அதன் மேற்பரப்பு ஆறு மடங்கு சுருங்குகிறது. கொள்ளளவோ பதினைந்து மடங்குக்கு மேல் சுருங்கிவிடுகிறது. அதாவது சிறிய கேக்கில், உள்ளே இருக்கும் மிருதுவான பகுதியோடு ஒப்பிட்டால், வெளிப்புறத்தின் பங்கு இரண்டரை மடங்கு கூடுகிறது. தட்டு இட்லியைவிட மினி இட்லி ஏன் சாம்பாரை அதிகம் குடிக்கிறதோ, அதே கணக்குதான் இது.

இந்தக் கணக்கின் விளைவு நாக்கில் தெரிகிறது. மேக்னோலியாவின் கேக்கைக் கடித்தால் முதலில் தெரிவது அதன் உள்ளிழை. 1999-ல் வெளிவந்த அந்தக் கடையின் சமையல் புத்தகம் சொல்லும் வெனிலா கப்கேக்கில் 24 கப்கேக்குகளுக்கு ஒரு கோப்பை வெண்ணெய், இரண்டு கோப்பை சர்க்கரை, நான்கு முட்டை, ஒரு கோப்பை பால். மாவில் இரண்டு வகை: பேக்கிங் பவுடர் முன்பே கலந்தது ஒன்று, சாதாரண மைதா ஒன்று. வெண்ணெயையும் சர்க்கரையையும் முதலில் நன்றாக அடித்துக் காற்றேற்றும் பழைய முறை. இந்த விகிதத்தில் வரும் கேக் பஞ்சுபோல் பறக்காது. சற்றே அடர்த்தியாக, வெண்ணெய் வாசத்தோடு, கையில் பிட்டால் உதிராமல் நிற்கும். அதை உணர மூன்று நான்கு கடியாவது வேண்டும். அந்த இடம் அந்தக் கப்கேக்கில் இருக்கிறது.

மெலிசாவின் கப்கேக்கில் அந்த இடம் இல்லை, அதை அவர் தேடவும் இல்லை. ஒரே வாயில் போய்விடும் பொருளில் கேக்கின் இழையை நிதானமாக எடைபோட நேரமேது? அங்கே கேக் ஒரு தளம் மட்டுமே. அதன்மேல் ஒரு சொட்டு ஐசிங், ஐசிங்கின் மேல் ஒரு துணுக்கு குக்கியோ ஒரு கோடு சாக்லேட்டோ. மூன்றும் ஒரே கணத்தில் வாய்க்குள் சேர்கின்றன. மேக்னோலியாவில் முதல் கடி கிரீமாகவும் கடைசிக் கடி வெறும் கேக்காகவும் போகலாம். சாப்பிடுகிறவரின் திறமையைப் பொறுத்த விஷயம் அது. மெலிசாவில் முதல் கடியே கடைசிக் கடி என்பதால் விகிதத்தைக் கடையே நிர்ணயித்துவிடுகிறது. ஒன்று சாப்பிடுகிறவரை நம்பி விட்டுவிடுகிறது. மற்றது சாப்பிடுகிறவருக்காக முன்பே யோசித்துவிடுகிறது.

கிரீமில் இந்த வேற்றுமை இன்னும் கூர்மையாகிறது. மேக்னோலியாவின் வெனிலா பட்டர்கிரீமுக்கு அதே புத்தகம் தரும் அளவு: ஒரு கோப்பை வெண்ணெய், அரைக் கோப்பை பால், இரண்டு தேக்கரண்டி வெனிலா, ஆறு முதல் எட்டுக் கோப்பை ஐசிங் சர்க்கரை. இரண்டு டஜன் கப்கேக்குக்கு இது என்று வகுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் தலையிலும் 30 முதல் 40 கிராம் சர்க்கரை ஏறி உட்கார்கிறது. திகட்டுகிறது என்று குறை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் நாக்கால் போடுகிறார்கள். ஆனால் இவ்வளவு சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர வேறொரு வேலையும் உண்டு. கிரீமைத் தடவிவைத்த சற்று நேரத்தில் அதன் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி, சர்க்கரை மெல்லிய படலமாக இறுகுகிறது. விரலால் லேசாகத் தொட்டால் ஒட்டாது. அழுத்தினால் படலம் நொறுங்கி உள்ளே மென்மை தெரியும். தண்ணீர்விட்டு வார்த்த ஐசிங்கில் இது முழுக் கெட்டியாகிவிடும். வெள்ளைக்கரு அடித்த கிரீமில் வரவே வராது. மேலே நொறுங்கல், உள்ளே குழைவு என்ற அந்த இரட்டைத்தன்மை மேக்னோலியாவை விரும்புகிறவர்களின் விருப்பத்துக்குப் பாதிக் காரணம்.

அந்தக் கிரீமின் வடிவமும் சொல்லத்தக்கது. பைப்பிங் பையால் பிழிந்த ரோஜாப்பூ அல்ல அது. வேலை செய்கிறவர் சிறு பேலட் கத்தியால் ஒரு கவளம் கிரீமை எடுத்துக் கேக்கின்மேல் அப்பி, கத்தியின் நுனியை அழுத்தியபடி கப்கேக்கைச் சுழற்றி, நடுவில் ஒரு குழிவோடு முடிக்கிறார். இளஞ்சிவப்பு, வெளிர்ப்பச்சை, வெளிர்மஞ்சள். கத்தி எங்கே நின்றது, எந்தப் பக்கம் இழுபட்டது என்று ஒவ்வொன்றிலும் படிக்கலாம். ஒரு தட்டில் உள்ள பன்னிரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒன்றேபோல இருக்காது.

மெலிசாவில் ஐசிங்கின் பரப்பே ஒரு நாணயத்தளவு. அங்கே சுழிக்கு இடமில்லை. கைவண்ணத்தைக் காட்ட அந்தக் கடை கேக்கின் உட்புறத்தையே எடுத்துக்கொண்டது. அதன் முதல் அடையாளமான டை-டை கப்கேக்கில் பல நிறக் கலவைகள் ஒன்றோடொன்று கரைந்துவிடாமல் ஒரே குழியில் வார்க்கப்படுகின்றன. வெந்தபின் சாயமுடிச்சுத் துணியைப்போல நிறங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கலவை சற்று இளகினாலும் நிறங்கள் மங்கிச் சேறாகிவிடும் என்பதால், சிறிய பொருளில் செய்யும் பெரிய வேலை இது. இரண்டிலும் எந்த இரு கப்கேக்கும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. தற்செயலை ஒரு கடை மேலே கிரீமில் வைத்தது, மற்றொரு கடை உள்ளே மாவில் வைத்தது.

சிறியதற்கு ஒரு தொல்லை உண்டு. வெளிப்புறம் அதிகம் என்றால் ஈரம் வெளியேறும் வழியும் அதிகம். ஓவனில் ஒரு நிமிடம் கூடினால் பெரிய கப்கேக் ஓரத்தில் மட்டும் சிவக்கும். சிறியது முழுவதும் காய்ந்துவிடும். ஆறியபிறகும் அதே கதை. ஆகவே மினி கப்கேக் செய்கிறவர்களுக்கு நேரக்கணிப்பே பிரதானக் கலை. பெரியதற்கும் ஒரு தொல்லை உண்டு. உள்ளே ஈரம் நிற்கும், ஆனால் மாவுச்சத்து மெல்ல இறுகிப் பழசாவதை எந்த அளவும் தடுக்காது. குளிர்பெட்டியில் வைத்தால் அது இன்னும் விரைவாகும், வெண்ணெயும் உறைந்து கேக்கைக் கட்டியாக்கும். மேக்னோலியா பாணிக் கப்கேக்கை அறைச்சூட்டில், சுட்ட அன்றே சாப்பிட வேண்டும் என்று அதன் அன்பர்கள் வற்புறுத்துவது வீண் பிடிவாதம் அல்ல. இருவருக்கும் எதிரி நேரம்தான். ஒருவர் அதை ஓவனுக்குள் வெல்ல வேண்டும், மற்றவர் கடைக்குள் வெல்ல வேண்டும்.

கடையின் அமைப்பு இங்கிருந்துதான் பிரிகிறது. அன்று சுட்டதை அன்றே விற்கவேண்டியிருப்பதால் மேக்னோலியா தன் ஓவனைக் கடைக்குள்ளேயே வைத்தது. ப்ளீக்கர் தெருக் கடைக்குள் நுழைந்தால் மாவு கலக்கும் இயந்திரமும், ஆறவைத்த தட்டுகளும், கத்தியோடு நிற்கும் கைகளும் கண்ணெதிரே. வெண்ணெய் வேகும் வாசம் நடைபாதைக்கு வந்து ஆளைக் கூப்பிடும். மெலிசாவின் முதல் விற்பனையிடம் சோஹோவில் ஒரு காபிக் கடையை ஒட்டிய ஜன்னல் அளவே. கப்கேக் வேறிடத்தில் சுடப்பட்டு அங்கே வந்து அடுக்கப்படும். வாசம் இல்லாத குறையை நிறம் நிரப்பியது: கண்ணாடிக்குப் பின்னால் பொத்தான்களைப்போல வரிசை வரிசையாக இருபது முப்பது வண்ணப் புள்ளிகள். ஒரு கடை மூக்கின் வழியாக அழைத்தது. மற்றது கண்ணின் வழியாக. நியூயார்க்கின் வாடகையை நினைத்துப் பார்த்தால் இரண்டுமே நியாயமான தீர்வுகள். ஓவனுக்கு இடம் கொடுத்தால் உட்கார இடமில்லை. ஆகவே மேக்னோலியாவின் வாடிக்கையாளர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஓவனே இல்லாவிட்டால் ஜன்னல் போதும். ஆகவே மெலிசாவின் வாடிக்கையாளர் நின்ற இடத்திலேயே வாயில் போட்டுக்கொண்டு நடந்தார். இரண்டுமே தெருவில் சாப்பிடும் பண்டமாகத்தான் வளர்ந்தன. கத்தியும் தட்டும் முள்கரண்டியும் கேட்கும் பெரிய கேக்கால் அந்தத் தெருவில் இப்படி வாழ்ந்திருக்க முடியாது.

வாங்குகிறவரின் நிலையைப் பார்த்தால், இரண்டும் அவர்முன் வைக்கும் கேள்விகள் நேர் எதிரானவை. மேக்னோலியா “எது வேண்டும்?” என்று கேட்கிறது. வெனிலாக் கேக்கில் சாக்லேட் கிரீமா, சாக்லேட் கேக்கில் வெனிலாக் கிரீமா, ரெட் வெல்வெட்டா? ஒன்றை எடுத்தால் மற்றவை இன்றைக்கு இல்லை. அந்தத் தேர்வில் ஒரு சிறிய இழப்பும், இழப்பால் வரும் பெறுமதியும் உண்டு. மெலிசா “ஏன் ஒன்றோடு நிறுத்த வேண்டும்?” என்று கேட்கிறது. இருபத்தைந்து அடங்கிய பெட்டியில் குக்கி மாவும் புதினாவும் வேர்க்கடலையும் பக்கத்தில் பக்கத்தில். அங்கே தேர்வின் கவலை இல்லை. ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்தது விரலுக்கு எட்டும் தூரத்தில். முதலாவதை வாங்குகிறவருக்குத் தனக்கு எது பிடிக்கும் என்று தெரிந்திருக்கிறது. இரண்டாமதை வாங்குகிறவர் அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

ஆனால் இந்த எதிர்நிலைக்கு நடுவில் ஒரு விநோதமான ஒற்றுமை நிற்கிறது. இரண்டும் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தும் பண்டங்கள். முழுக் கேக்கில் ஒரு துண்டு வெட்டினால் அடுத்த துண்டுக்கு வழி திறந்தே இருக்கும். கப்கேக்கோ தன் எல்லையைத் தானே தாளில் சுற்றிக்கொண்டு வருகிறது: இவ்வளவுதான், இதோடு முடிந்தது. மேக்னோலியாவுக்கு வந்தவர் அந்த எல்லையை நம்பி முழுதாக ஒன்றைச் சாப்பிட்டார். மெலிசா அந்த எல்லையை இன்னும் சுருக்கியது. ஒரு வாய் இனிப்பைக் குற்றமென்று யார் சொல்வார்? அந்த ஒரு வாய் பத்து வாய் ஆகலாம் என்பது வேறு விஷயம். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகச் சமாதானம் கிடைத்துவிடுகிறது. அளவாகச் சாப்பிடும் ஆசைதான் இரண்டுக்கும் அடித்தளம். ஒன்று அளவைப் பொருளில் வைத்தது, மற்றது எண்ணிக்கையில் விட்டது.

அளவைப் பெருக்கியவர்களும் அதே நகரத்தில் இருந்தார்கள். 2003-ல் அப்பர் வெஸ்ட் சைடில் தொடங்கிய க்ரம்ப்ஸ், இரு கையாலும் பிடிக்கும் பெரிய கப்கேக்குகளால் பெயர் எடுத்தது. 2011-ல் பங்குச்சந்தைக்குப் போனது. 2014 ஜூலையில் தன் கடைகளையெல்லாம் ஒரே நாளில் மூடியது. அந்த வீழ்ச்சிக்கு வேகமான விரிவாக்கமும் கப்கேக் மோகத்தின் தணிவும் காரணம். என்றாலும் நமது இரண்டு கடைகளின் பக்கத்தில் வைக்கும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. ஒருவரால் சாப்பிட்டு முடிக்க முடியாத கப்கேக் மறுபடியும் கத்தியைத் தேடுகிறது. கத்தியைத் தேடும் கப்கேக் சின்னக் கேக்காகவே மாறிவிடுகிறது. கப்கேக் என்ற வடிவத்தின் நியாயத்தை மேக்னோலியா அப்படியே காத்தது, மெலிசா அதை இன்னும் ஓர் எல்லைக்குக் கொண்டுபோனது. இருவருமே அந்த நியாயத்தைக் கைவிடவில்லை.

புகழ் வந்த விதத்திலும் ஒரு சமச்சீர் தெரிகிறது. 2000-ல் செக்ஸ் அண்ட் தி சிட்டி தொடரின் ஒரு காட்சியில் கேரியும் மிராண்டாவும் மேக்னோலியாவின் வாசலில் உட்கார்ந்து கப்கேக் சாப்பிட்டார்கள். காட்சி ஒரு நிமிடம்கூட நீளாது. அதற்குப் பின் சுற்றுலாப் பேருந்துகள் வந்தன, வரிசை தெருமுனையைத் திரும்பியது, ஆளுக்கு ஒரு டஜன்தான் என்ற கட்டுப்பாடு வந்தது. 2005-ல் சாட்டர்டே நைட் லைவ் நிகழ்ச்சியின் ‘லேஸி சண்டே’ பாட்டிலும் மேக்னோலியாவின் பெயர் ஒலித்தது. ஒரு தலைமுறை தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்ததை மறுவாரம் நேரில் போய்க் கடித்தது. மெலிசா வளர்ந்தது கைபேசித் திரையில். மேலிருந்து படம் எடுத்தால் சதுரத்துக்குள் கச்சிதமாக அடங்கும் வண்ணப் புள்ளிகளின் பெட்டி அந்தத் திரைக்காகவே பிறந்ததுபோல இருந்தது. தொலைக்காட்சிக்கு ஒரு முகமும் ஒரு கடியும் தேவைப்பட்டது. பெரிய கப்கேக் அதற்குப் பொருந்தியது. கைபேசிக்கு ஒரு வரிசையும் ஒரு நிறக்கலவையும் தேவைப்பட்டது. சிறிய கப்கேக் அதற்குப் பொருந்தியது.

பரவிய விதமும் அளவைத்தான் பின்பற்றியது. மேக்னோலியாவின் பாணி ஆட்களோடு பரவியது. 1999-ல் ஆப்பெல் பிரிந்து மிட்டவுனில் பட்டர்கப் பேக் ஷாப்பைத் தொடங்கினார். 2003-ல் செல்சியில் திறந்த பில்லிஸ் பேக்கரியின் பின்னாலும் மேக்னோலியாவில் வேலை பார்த்த கை இருந்தது. அதே சுழி, அதே வெளிர்நிறம், அதே வீட்டுப் பாணி. கடையே வெளியூர் போனபோதும் ஓவனோடு போயிற்று: 2010-ல் துபாய், 2019-ல் பெங்களூர் இந்திராநகர். மெலிசாவின் பாணி பெட்டியோடு பரவியது. ஒரு சொட்டு ஐசிங் மட்டும் உள்ள சிறு கேக்கை நெருக்கி அடுக்கிவிட்டால் அசையாது, கவிழாது. அஞ்சலில் நாடு முழுக்க அனுப்பலாம். தலையில் கிரீம் குவிந்த பெரிய கப்கேக் அப்படிப் பயணம் செய்ய மறுக்கும். ஆகவே ஒரு கடை தன் வேலைமுறையை ஊர் ஊராக நட்டது. மற்றது இருந்த இடத்திலிருந்தே பொருளை அனுப்பியது. நிறுவனர்களின் கதையும் இதற்கு இசைவாகவே போகிறது. மேக்னோலியாவை 2007-ல் டோரி ஸ்டீவ் ஆப்ரம்ஸிடம் விற்றார், பின்னர் 2021-ல் மறுபடி கைமாறியது. ஒரு பூவின் பெயரைத் தாங்கிய கடைக்கு உரிமையாளர் மாறுவது பாரமாகவில்லை. மெலிசாவோ தன் பெயரையே பலகையில் எழுதியவர். 2019-ல் தலைமை நிர்வாகியாகவும் ஆனார். செய்முறை தெரிந்தால் மேக்னோலியா தொடரும். மெலிசா தொடர வேண்டுமானால் மெலிசா வேண்டும்.

இனி அந்த எதிர்பாராத உறவுக்கு வருவோம். இன்றைக்கு மேக்னோலியாவின் பெயரைச் சொன்னால் நியூயார்க்கில் பலர் முதலில் நினைப்பது கப்கேக்கை அல்ல, பனானா புட்டிங்கை. மெலிசாவின் பெயரைச் சொன்னால் இணையத்தில் பலர் முதலில் நினைப்பது கப்கேக்கை அல்ல, 2021-ல் அவர் டிக்டாக்கில் போட்ட பச்சைக் காய்கறி சாலட்டை: கிரீன் காடெஸ் சாலட். இரண்டு கப்கேக் கடைகள், இரண்டுக்கும் இரண்டாவது புகழ், இரண்டுமே கப்கேக் அல்லாத ஒன்றால். இன்னும் வியப்பு, இந்த இரண்டு பண்டங்களுக்கும் ஓவனே தேவையில்லை. பேக்கரிகள் இரண்டும் சுடாத பண்டத்தால் மறுபடி பெயர் வாங்கியிருக்கின்றன.

தற்செயல் என்று இதைக் கடந்து போய்விடலாம். ஆனால் இரண்டு பண்டங்களையும் அருகில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு கடையின் குணமும் கப்கேக்கைவிட இவற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. பனானா புட்டிங் செய்யக் கண்டென்ஸ்டு மில்க், கடையில் விற்கும் வெனிலா புட்டிங் பொடி, தண்ணீர், அடித்த கிரீம், வாழைப்பழம், வெனிலா பிஸ்கட் போதும். அமெரிக்க வீட்டு அலமாரியில் எப்போதும் இருக்கும் பொருள்கள். அடுக்கி முடித்ததும் உடனே சாப்பிடக்கூடாது. குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைக்க வேண்டும். அப்போதுதான் மொறுமொறுப்பான பிஸ்கட் கிரீமின் ஈரத்தைக் குடித்துக் கேக்கைப்போல மிருதுவாகும். தனித்தனியாக இருந்தவை காத்திருப்பில் ஒன்றாகக் குழைகின்றன. ஆடம்பரமில்லாத மூலப்பொருள், குழைவு, பழகிய இனிப்பு, ஒரே சுவையில் நிலைத்து நிற்கும் நிதானம்: மேக்னோலியாவின் வெனிலா கப்கேக்குக்கும் இதே இலக்கணம்தான்.

சாலட்டில் முட்டைக்கோஸ், வெள்ளரி, வெங்காயத்தாள், சைவ்ஸ். துளசி இனத்து பேசில், பசலை வகைக் கீரை, எலுமிச்சை, பூண்டு, கொட்டைப்பருப்புகள் சேர்த்து அரைத்த பச்சைச் சட்னி போன்ற குழம்பு அதன்மேல். வேலையெல்லாம் கத்தியில் இருக்கிறது: எல்லாக் காயையும் பொடிப்பொடியாக, ஒரே அளவாக நறுக்க வேண்டும். அப்படி நறுக்கினால்தான் சிப்ஸால் ஒரு முறை அள்ளும்போது எல்லாமே அந்த ஒரு வாயில் வரும். பெரிய துண்டாக இருந்தால் ஒரு கடி வெள்ளரி, அடுத்த கடி கோஸ் என்று பிரிந்துவிடும். ஒரு வாய்க்குள் முழு உணவும் அடங்க வேண்டும் என்பதுதானே மினி கப்கேக்கின் கொள்கையும்! கேக், ஐசிங், மேல்தூவல் மூன்றும் ஒரே கணத்தில் சேரவேண்டும் என்று அளவைச் சுருக்கிய அதே கை, இங்கே கோஸை நறுக்கியிருக்கிறது. இனிப்புக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டதாகத் தோன்றும் இந்தச் சாலட், உண்மையில் அந்த இனிப்பின் நேர் வாரிசு.

ஆகவே இரண்டு கடைகளும் கப்கேக்கை விட்டு விலகியபோதும் தம்மை விட்டு விலகவில்லை. மேக்னோலியா நேரத்தைக் கொடுத்துச் சுவைகளைக் குழைக்கிறது. மெலிசா அளவைக் குறைத்துச் சுவைகளைச் சேர்க்கிறது. ஒன்றில் சேர்மானங்கள் தம் தனித்தன்மையை விட்டுக்கொடுத்து ஒன்றாகின்றன. மற்றதில் தனித்தன்மையோடே நெருங்கி நிற்கின்றன. டை-டை கப்கேக்கில் நிறங்கள் கரையாமல் நிற்பதும், புட்டிங்கில் பிஸ்கட் கரைந்துபோவதும் இந்த இரண்டு மனப்போக்குகளின் இரண்டு சாட்சிகள்.

இவற்றில் எது மேல் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம், ஆனால் கேள்வியைப் பிரித்துக்கொண்டுதான். கேக்கின் இழை, வெண்ணெயின் வாசம், கிரீமின் படலம் நொறுங்கும் அந்த ஒலியற்ற நொறுங்கல் ஆகியவற்றை நாடுகிறவருக்கு மேக்னோலியாவின் அளவே சரியான அளவு. அதைச் சுருக்கினால் அந்தச் சுவைகள் நடமாட இடமில்லை. ஒரு சுவையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் மகிழ்ச்சியை, ஒரு கூட்டத்துக்கு நடுவே பெட்டியைத் திறந்துவைத்து “உனக்கு எது, எனக்கு எது?” என்று கைநீட்டும் மகிழ்ச்சியை நாடுகிறவருக்கு மெலிசாவின் அளவே சரி, அதைப் பெருக்கினால் பத்துச் சுவை பார்க்க வயிறு போதாது. அலுவலகப் பிறந்தநாளுக்கு இரண்டாமது. நீண்ட நாள் கழித்துச் சந்திக்கும் சிநேகிதியோடு உட்கார்ந்து பேச முதலாவது.

இந்த ஒப்பீட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்தத் தீர்ப்பைவிட வேறொன்று. சமையலில் அளவை நாம் கடைசியாகத் தீர்மானிக்கிறோம்: செய்முறை ஒன்று, அதைப் பெரிதாகவோ சிறிதாகவோ செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறோம். மேக்னோலியாவும் மெலிசாவும் அந்த எண்ணத்தைத் தலைகீழாக்குகின்றன. அளவும் ஒரு சேர்மானம்தான், வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் சமமான சேர்மானம். அதை மாற்றினால் ஈரம் மாறும், விகிதம் மாறும், ஓவன் இருக்கும் இடம் மாறும், வாங்குகிறவர்முன் நிற்கும் கேள்வியும் மாறும். அடுத்த முறை எந்தப் பண்டத்தையும் ருசித்துக் குறை காணும் முன், அது ஒரு வாய்க்காகச் செய்யப்பட்டதா, ஒரு கைக்காகச் செய்யப்பட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நியாயம். அதைக் கேட்காமல் போடும் மதிப்பெண் எந்தப் பேக்கரிக்கும் பொருந்தாது.